ஷன்பைக் என்றால் சுங்க ஏய்ப்பு இல்லை

'ஷன்பைக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'சுங்க ஏய்ப்பு' என்று எழுதிய இன்னொரு மொழிபெயர்ப்பு திருத்தத்துக்கு வந்திருக்கிறது. போதும், இதோடு நிறுத்துவோம்.

'ஷன்' என்றால் ஒதுங்கிப் போவது. 'பைக்' இங்கே மோட்டார் சைக்கிள் இல்லை. 'டர்ன்பைக்' என்பதன் சுருக்கம். அது பாதையின் குறுக்கே இருக்கும் தடைக்கம்பு; காசு கொடுத்தால்தான் திரும்பும். அந்தப் பெயரே பிறகு சுங்கச் சாலைக்கும் ஆகிவிட்டது. 1790களில் அமெரிக்காவில் இந்தச் சாலைகள் பெருகத் தொடங்கியதும், சுங்கச் சாவடியைச் சுற்றிப் போகப் பக்கத்துப் பாதைகள் உண்டாயின. அந்தப் பாதைதான் ஷன்பைக். அதில் போவதும் ஷன்பைக்தான், போகிறவர் ஷன்பைக்கர்.

ஏய்ப்பு வேறு. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் தேவாலயத்துக்கும் மாவு ஆலைக்கும் போகிறவர்களுக்குப் பல சாலைகளில் சுங்கம் இருக்கவில்லை. ஆலைக்குப் போவதாகப் பொய் சொல்லிச் சாவடியைக் கடந்தால் அது ஏய்ப்பு. பிரிட்டனின் வேல்சில் 1839 முதல் 1843 வரை, சுங்கத்தை எதிர்த்த ரெபெக்கா கலகக்காரர்கள் சாவடிகளை உடைத்தது கிளர்ச்சி. இரண்டும் ஷன்பைக் ஆகாது, ஏனென்றால் இரண்டிலும் மாற்று வழி இல்லை. சாவடிக்கு முன்னால் விலகி, தாண்டியதும் மறுபடி சுங்கச் சாலையிலேயே ஏறுகிறவருக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் சுங்கச் சாலை நிறுவனங்களுக்குக் கொடுத்த சாசனங்கள் மூன்று மடங்கு சுங்கத்தை அபராதமாக வைத்தது உண்மைதான். அது சட்டத்தின் தீர்ப்பு. சொல்லோ வழியைத்தான் குறிக்கிறது, குற்றத்தை அல்ல.

'சுங்கம் தவிர்த்தல்' என்று போடலாமே என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். சுங்கத்தையே நீக்கியவன் என்பது அதன் பொருள். வரலாறு படித்தவர் காதில் அதுதான் விழும்.

'சாவடி சுற்றுவழி' என்று எழுதுங்கள். வினையாக வந்தால் 'சாவடியைச் சுற்றிப் போனார்' போதும். ஆனால் எழுதுமுன் காரணத்தைப் பாருங்கள். இன்றைய வழக்கில் காசுக்காக அல்லாமல், அதிவேகச் சாலையின் நெரிசல் பிடிக்காமல் ஊர்களையும் வயல்களையும் பார்த்தபடி மெதுவாகப் போவதற்கும் இதே சொல்தான். அங்கே சுங்கம் என்ற பேச்சே வரக்கூடாது. 'நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்து வழியாகப் போனார்கள்' என்றால் சரி. நியூ ஜெர்சியின் மோரிஸ் மாவட்டத்தில் ஷன்பைக் ரோடு என்றே ஒரு சாலை இருக்கிறது. அது முகவரி; மொழிபெயர்க்காதீர்கள்.