பந்தோபஸ்து: ஒரு சொல், இரண்டு முடிச்சு

"சித்தப்பா எங்கே?" என்று கேட்டால் சித்தி அடுப்படியில் இருந்தபடியே ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்: "பந்தோபஸ்து." எந்த ஊர், எத்தனை நாள், எப்போது திரும்புவார், ஒன்றும் அதில் இருக்காது. சித்தப்பாவுக்கே தெரியாது என்பதுதான் காரணம். அவர் ஏட்டாக ஓய்வுபெற்றவர். கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை தயாராகத் தொங்கும். லுங்கி, துண்டு, தலைவலித் தைலம், தண்ணீர் பாட்டில், எங்காவது விரித்து உட்கார ஒரு பழைய தினசரி. ஃபோன் வரும், பை தோளுக்குப் போகும், அவ்வளவுதான்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எனக்கு ரொம்ப நாள் அது சமஸ்கிருதம் என்றுதான் நினைப்பு. 'ஸ்து' என்று முடிகிறதே, வஸ்து மாதிரி, வாஸ்து மாதிரி. தப்பு. அது பாரசீகம். 'பந்த்-ஓ-பஸ்த்' என்ற மூன்று துண்டு. நடுவில் இருக்கும் 'ஓ' நம்முடைய 'உம்'. முன்னால் இருக்கும் 'பந்த்', பின்னால் இருக்கும் 'பஸ்த்' இரண்டும் ஒரே வினையிலிருந்து வந்தவை. 'பஸ்தன்' என்றால் கட்டுதல். ஒன்று அதன் நிகழ்கால வடிவத்திலிருந்து வந்தது, இன்னொன்று இறந்தகால வடிவத்திலிருந்து வந்தது. ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கட்டும் கட்டியதும்'. ஒரு முடிச்சு போட்டு, அவிழாமல் இருக்க அதன்மேல் இன்னொரு முடிச்சு. கடைசியில் ஒட்டியிருக்கும் உகரம் நாம் சேர்த்தது, மெய்யில் நின்றால் நம் வாய்க்கு ஒத்துவராது. 'கவாயித்' என்ற அரபுச் சொல் நம்மிடம் 'கவாத்து' ஆனதும் இதே பழக்கத்தில்தான்.

சமஸ்கிருதம் என்று நினைத்தது முழுத் தப்பும் இல்லை, ஏனென்றால் பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே பந்த், இங்கே பந்தம், சம்பந்தம். ஆங்கிலத்தில் கட்டுவதற்குச் சொல்கிற 'பைண்ட்' கூட அதே வேரில் வந்த பங்காளிதான்.

இந்த 'பந்த்' தமிழ்நாட்டில் வேறு வேடங்களிலும் திரிகிறது. ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் பட்டா மனுவோடு வரிசையில் நிற்க வைக்கும் ஜமாபந்தி: ஜமா என்றால் மொத்தத் தொகை, பந்தி என்றால் கட்டுவது, அதாவது கிராமக் கணக்கைக் கூட்டி முடிச்சுப் போடுவது. அரசு இப்போது அதை வருவாய்த் தீர்வாயம் என்று எழுதுகிறது, ஆனால் வரிசையில் நிற்பவர்கள் ஜமாபந்தி என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டலில் இலை போடும் சிப்பந்தியும் இதே குடும்பம். நவாபுகள் காலத்தில் வரி வசூலுக்குத் துணையாக வைத்திருந்த, நிரந்தரமில்லாத படையாட்களுக்கு 'சிஹ்பந்தி' என்று பெயர். வாள் பிடித்த கை வாளி பிடித்த கதை அது. அப்புறம், கடையடைப்பு நாளில் எல்லாரும் சொல்கிற 'பந்த்'. கட்டினால் மூடிக்கொள்ளும், ஆகவே மூடியது பந்த். எனவே "பந்த்துக்குப் பலத்த பந்தோபஸ்து" என்று செய்தியில் படிக்கும்போது, கடையைக் கட்டினவனும் அவனைக் கட்டிவைக்க வந்தவனும் ஒரே சொல்லில் பிறந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

சரி, கட்டு எப்படிப் போலீஸ் ஆனது? நேராக ஆகவில்லை. இந்தச் சொல்லின் பழைய வேலைகளில் ஒன்று வரிக் கணக்கு. நிலத்துக்கு இவ்வளவு தீர்வை, இன்னார் கட்டவேண்டும் என்று நிர்ணயித்து முடிச்சுப் போடுவதற்குத்தான் வடக்கே பந்தோபஸ்து என்று பெயர். 1793-இல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தை வங்காளிகள் இன்றைக்கும் 'சிரஸ்தாயி பந்தோபஸ்தோ' என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். வரிக்கு மட்டும் இல்லை, எல்லா ஏற்பாட்டுக்கும் அங்கே அதே சொல்தான். இந்திக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தோபஸ்து செய்கிறேன் என்றால் வாசலில் போலீஸ் நிற்கும் என்று அர்த்தமில்லை. பந்தல், சமையல், வண்டி எல்லாம் பார்க்கிறார். 1886-இல் வந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் ஒழுங்கு, முறைப்படுத்துதல், வரி நிர்ணயம் என்றே பொருள் தருகிறது.

தெற்கே வர வர அது சுருங்கிக்கொண்டே வந்தது. மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் நாலிலும் இன்று பந்தோபஸ்து என்றால் முதலில் கண்ணுக்குத் தெரிவது காக்கிதான். தமிழில் நடுவில் ஒரு படி இருந்தது. "நகையைப் பந்தோபஸ்தாக வை" என்று பாட்டிகள் சொல்வார்கள். கட்டிப் பத்திரமாக வை என்று பொருள். அந்தப் பத்திரம்தான் காவல் ஆகி, காவல் காவலர் ஆகி, கடைசியில் சொல் ஆள் எண்ணிக்கையில் வந்து நின்றுவிட்டது. "ஆயிரம் போலீசார் பந்தோபஸ்து." ஏற்பாடு என்ற பழைய பொருள் எங்கோ வழியில் கழன்று விழுந்துவிட்டது, எனக்கு இதில்தான் வருத்தம்.

ஏன் வருத்தம் என்றால், காவலர்கள் பந்தோபஸ்தைப் பற்றிப் புலம்புவதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்தக் கழன்று விழுந்த பாதியைப் பற்றித்தான். திருவண்ணாமலை தீபம், பசும்பொன் தேவர் குருபூஜை, பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாள், தேர்தல், தலைவர் வருகை, எதுவாக இருந்தாலும் காகிதத்தில் 'ஸ்கீம்' என்று ஒன்று போடுவார்கள். எந்த செக்டாரில் எந்த இன்ஸ்பெக்டர், எந்த முனையில் எத்தனை பேர், கலவரம் என்றால் உடனே பாய்கிற ஸ்டிரைக்கிங் ஃபோர்ஸ் எங்கே, எல்லாம் அதில் இருக்கும். வெளி மாவட்டத்திலிருந்து வேனில் வந்து இறங்குகிறவர்கள் கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ படுப்பார்கள். சித்தப்பா ஒருமுறை ஒன்றாம் வகுப்பு பெஞ்சை இரண்டாகச் சேர்த்துப் போட்டுப் படுத்து, கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லிச் சிரிப்பார். விடியற்காலை மூன்று மணிக்கு ஃபால் இன், அதாவது வரிசையில் வந்து நிற்கவேண்டும். பிறகு ரூட் பந்தோபஸ்து: சாலையோரம், முதுகு சாலைக்கு, முகம் கூட்டத்துக்கு. எட்டு மணிக்கு வரவேண்டிய கான்வாய் பத்தரைக்கு வரும், பதினைந்து விநாடியில் போய்விடும், அதற்கப்புறமும் மைக்கில் சொல்கிறவரை நகர முடியாது. சாப்பாட்டுப் பொட்டலம் கடைசி முனைக்கு வரும்போது சாம்பார் சோறோடு ஊறிப் புளித்திருக்கும். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும், அதற்குப் போக இடமில்லை, அதனால் குடிக்காமல் நிற்பதே வழக்கம்.

பெண் காவலர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1973-இல் ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர் என்று பெண்கள் போலீசுக்கு வந்தார்கள். முதல்வர் போகும் வழியில் சாலையோரப் பந்தோபஸ்துக்குப் பெண்களை நிறுத்தவேண்டாம் என்ற உத்தரவு வந்தது 2021 ஜூனில். நாற்பத்தெட்டு வருஷம். வந்தபோது நல்லது என்றவர்களும் இருந்தார்கள், "அவங்க வேலையும் சேர்த்து எங்க தலையிலா?" என்று முணுமுணுத்த ஆண் காவலர்களும் இருந்தார்கள், "எங்களை ஒதுக்கவேண்டாம், ஒரு கழிப்பறை வண்டி நிறுத்தினால் போதும்" என்ற பெண்களும் இருந்தார்கள். நான் மூன்றாவது கட்சி. அதே வருஷம் வாரம் ஒரு நாள் ஓய்வுக்கு அரசாணையும் வந்தது. ஆனால் திருவிழா வந்தால் முதலில் ஓய்வு போகும், பிறகு லீவு போகும்.

தீயணைப்புக்காரர்கள் இந்தச் சொல்லை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு அது 'ஸ்டாண்ட்பை'. தேரடியில் வண்டியை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் ஊரின் மறுமூலையில் குடிசை எரிந்தால் பக்கத்து நிலையத்திலிருந்து வண்டி வரவேண்டும் என்பது அவர்கள் கவலை. 108 ஆட்களுக்கும் இதே கதைதான்.

இன்னொரு பழைய சண்டை, இந்தக் காவலுக்கு யார் காசு கொடுப்பது என்பது. இது ஒன்றும் புதிதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று வருகிறது. பாடி என்றால் ஊர். ஊரைக் காக்கும் பொறுப்புக்கும் அந்தப் பெயர், அதற்காக ஊர் கொடுத்த வரிக்கும் அதே பெயர். 1861 போலீஸ் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலும் தனியார் கேட்டால் அவர் செலவில் கூடுதல் போலீஸ் அனுப்பலாம் என்று இருக்கிறது. மும்பையில் கிரிக்கெட் போட்டிகளுக்குப் போட்ட பந்தோபஸ்தின் கட்டணப் பாக்கி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பாடிகாவல் பாக்கி என்று எழுதியிருந்தால் ராஜராஜனுக்கே புரிந்திருக்கும்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பத்திரிகைகள் பந்தோபஸ்தை மெல்ல மெல்லக் கைவிட்டு 'பாதுகாப்பு' என்று எழுதுகின்றன. எனக்கு இது பொருந்தவில்லை. பாதுகாப்பு என்பது விளைவு. பந்தோபஸ்து என்பது அந்த விளைவுக்காகச் செய்கிற வேலை. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்: "பலத்த பாதுகாப்பு போடப்பட்டிருந்தும் நெரிசலில் சிக்கிப் பலர் காயம்." பலத்த பாதுகாப்பு இருந்தால் எப்படிக் காயம் வரும்? 2025 செப்டம்பர் 27-இல் கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு நடந்த வாதமும் பெரும்பாலும் எத்தனை போலீஸ் நின்றார்கள் என்ற எண்ணிலேயே சுற்றியது. வழி எத்தனை, தண்ணீர் எங்கே, ஆம்புலன்ஸ் நுழைய இடம் எது என்று கேட்டவர்கள் உண்டு, ஆனால் அந்தக் கேள்வியைத் தாங்குகிற சொல் நம் கையில் இல்லை.

'காவல் ஏற்பாடு' என்று எழுதினால் பழைய பொருள் திரும்பி வருகிறது என்பது என் கட்சி. "காவல் ஏற்பாடு சரியில்லை" என்று சொல்லலாம், "சாப்பாடு, கழிப்பறை உட்பட காவல் ஏற்பாடு" என்று சொல்லலாம், "பாதுகாப்பு சரியில்லை" என்பதைவிடக் கேள்வி யாரிடம் போகிறது என்பது தெளிவாகிறது. தனி ஆள் நிற்கும் வேலைக்குக் 'காவல் பணி' போதும். நெருக்கிப் போட்ட பெரிய காவலுக்கு நம்மிடமே 'கட்டுக்காவல்' இருக்கிறது, கட்டும் உண்டு, காவலும் உண்டு, பாரசீகக்காரன் இரண்டு முடிச்சில் சொன்னதில் ஒன்றை நாமே போட்டு வைத்திருக்கிறோம். அதை "கட்டுக்காவலையும் மீறி" என்று தப்பித்தவன் கதைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டலைக் கேட்பவர்களுக்கு: பந்தோபஸ்து, பந்தோபஸ்த், பந்தபஸ்து மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன, ஸ்டேஷன் பேச்சில் மூன்றாவது. எழுதுவதற்கு முதலாவதே போதும்.

பேச்சிலிருந்து அது போகாது, போகவும் வேண்டாம். சித்தப்பா ஓய்வுபெற்ற வருஷமே மகளுக்குக் கல்யாணம் வைத்தார். முதல் நாள் ராத்திரி மண்டபத்து வாசலில் இருக்கையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, "பந்திக்கு நீ, வண்டிக்கு நீ, தண்ணிக்கு யாருடா பந்தோபஸ்து?" என்றார். தண்ணீருக்கு நான். மேடைக்குப் பின்னால் இரண்டு கேன் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார், வாசலில் நிற்கிற பையன்களுக்கு என்று.