டிவிடி ரைட்டர் வாங்கலாமா? முதலில் அலமாரியைத் திறந்து பாருங்கள்

புதுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர்கள் பிராசசர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாகக் கேட்பார்கள்: "டிவிடி ரைட்டர் ஒண்ணு போடணுமா?" மும்பையில் லேமிங்டன் சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதும், படிக்காமல் போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுக் கொடுப்பதும் என் தொழில். மாட்டுங்கா, செம்பூர், சயான், தாராவி என்று நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வீட்டில் பழைய சிடி, டிவிடி ஏதாவது இருக்கிறதா? கம்ப்யூட்டர் எந்த மாடல் என்பது இந்த முடிவுக்குத் தேவையே இல்லை.

எதுவும் இல்லை என்றால் வாங்க வேண்டாம். விண்டோஸ் போட பென் டிரைவ் போதும். மதர்போர்டு, பிரிண்டர் டிரைவர்களெல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு டிஸ்க்கின் முழுப் பிரதியான ஐஎஸ்ஓ கோப்பை விண்டோஸ் 8 முதல் டிரைவ் இல்லாமலேயே திறக்கலாம். இப்போது வரும் பல கேபினெட்டுகளில் டிவிடி டிரைவ் பொருத்த இடமே கிடையாது.

இருக்கிறது என்றால் வாங்குங்கள், அதையும் சீக்கிரம் வாங்குங்கள். புதிதாக எழுதுவதற்காகச் சொல்லவில்லை. எழுதி வைத்ததைப் படித்து வெளியே எடுப்பதற்காகச் சொல்கிறேன். பலரும் இதைத் தலைகீழாக யோசிக்கிறார்கள். "இப்ப யாரு சார் சிடி ரைட் பண்றாங்க?" என்று டிரைவை ஒதுக்கிவிடுகிறார்கள். 2005லோ 2010லோ நடந்த கல்யாணம், குழந்தையின் முதல் பிறந்த நாள், பெண்ணின் அரங்கேற்றம், தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாம் அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. பல வீடுகளில் வேறு பிரதியே கிடையாது. வீடியோ எடுத்தவரிடம் போய்க் கேட்டால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எப்போதோ அழித்துவிட்டேன் என்பார்.

வீட்டில் எழுதிய டிஸ்க் எப்படித் தகவலை வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அவசரம் புரியும். கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் தகவல் அச்சில் அழுத்தப்பட்ட பள்ளங்களாக இருக்கும். நாம் ரைட் செய்யும் டிஸ்க்கில் பள்ளம் கிடையாது. ஒரு மெல்லிய சாயப் படலம் இருக்கும், லேசர் அதைச் சுட்டு அடையாளம் போடும். அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் நாளடைவில் மங்கும். அதன் பின்னால் இருக்கும் உலோகப் படலம் ஈரம் புகுந்தால் கறுக்கும். மும்பையில் ஜூலை மாதக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. சுவரோரத்து இரும்பு பீரோவில் துணியே பூஞ்சை பிடிக்கும் ஊரில், டிஸ்க் மட்டும் பத்திரமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

சிடிக்கும் டிவிடிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சிடியில் தகவல் இருக்கும் படலம், பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு நேர் கீழே, ஒரு வார்னிஷ் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ தகவலும் சேர்ந்து போய்விடும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே அது இருப்பதால் கீறல் அவ்வளவு எளிதாகத் தொடாது. ஆனால் அந்த இரண்டு தகடுகளையும் ஒட்டிய பசை ஓரத்தில் விட்டுக்கொடுத்தால் ஈரம் உள்ளே போகும். முழுக்க எழுதிய டிஸ்க்கில் கடைசிப் பகுதி வெளி ஓரத்தில்தான் இருக்கும். கல்யாண டிவிடி தாலி கட்டும் வரை ஓடி, வரவேற்பு வந்ததும் நின்றுவிடுகிறது என்று கொண்டு வருகிறார்களே, அதற்குப் பல சமயம் காரணம் இதுதான்.

என் மேஜைக்கு வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை ரெக்சின் ஆல்பத்தின் பிளாஸ்டிக் பைகளில் இருந்தவை. அந்தப் பை சூட்டில் இளகி டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுக்காதீர்கள். பையை ஓரத்தில் வெட்டி மெதுவாகப் பிரியுங்கள். பூஞ்சையும் தூசியும் படிந்திருந்தால், ஒரு சொட்டுச் சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். நடுத் துளையிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். நேர்க்கோட்டில் விழும் கீறல் தடத்தைக் குறுக்கே மட்டும் வெட்டும், டிரைவ் அதைச் சமாளித்துக்கொள்ளும். வட்டக் கீறல் தடத்தின் வழியிலேயே ஓடி, தொடர்ச்சியாகத் தகவலை மறைத்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகே டிரைவில் போட வேண்டும்.

படித்து எடுக்கும்போது நடக்கும் தவறுகளில்தான் எனக்கு மனசு வலிக்கும். பாட்டு சிடியைத் திறந்தால் விண்டோஸ் சிடிஏ என்ற பெயரில் கோப்புகளைக் காட்டும். அதை அப்படியே இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, காப்பி ஆகிவிட்டது என்று சிடியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு கோப்பும் வெறும் 44 பைட். பாட்டு எத்தனையாவது, எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும், பாட்டு இருக்காது. பாட்டியின் குரலில் பதிந்த பாடல்கள் அப்படிப் போன வீடு எனக்குத் தெரியும். பாட்டு சிடியை மீடியா பிளேயரில் உள்ள "ரிப்" வசதியால்தான் எடுக்க வேண்டும். வீடியோ டிவிடி என்றால் வீடியோ-டிஎஸ் என்ற ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்தால் போதும், விஎல்சி என்ற பிளேயர் அதை ஓட்டிவிடும். படம் இருக்கும் பெரிய விஓபி கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கையடக்க கேமராவில் நேரடியாகப் பதிந்த 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி. ஒரு பக்கம் 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம் பிடிக்கும். பதிந்த பிறகு கேமராவிலேயே ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்து மூடாமல் விட்டிருந்தால், கம்ப்யூட்டரில் அது காலி டிஸ்க்காகத் தெரியும். அதில் என்ன செய்யலாம் என்று விண்டோஸ் கேட்கும்போது, எழுதவோ ஃபார்மேட் செய்யவோ சம்மதித்துவிடாதீர்கள். தகவல் உள்ளேதான் இருக்கிறது. அந்தக் கேமரா இன்னும் ஓடினால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள். இல்லையென்றால் மீட்டெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தட்டு வெளியே வராமல் டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவில் இந்தக் குட்டி டிஸ்க்கைப் போடவே கூடாது, மாட்டிக்கொள்ளும்.

காப்பி பாதியில் நின்று, தகவலைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்பதைச் சொல்லும் "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" பிழை வந்தால், திரும்பத் திரும்ப அழுத்தி டிரைவைத் திணறடிக்க வேண்டாம். துடைத்துப் பாருங்கள். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று சுலபமாகப் படிப்பது தினமும் நடக்கிறது. லினக்ஸ் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் உதவும். படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

சரி, எழுதுவதற்காக வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிவிடியில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் அதை 4.38 என்று காட்டும். 128 ஜிபி போன் நிறைந்திருந்தால் 28 டிஸ்க் வேண்டும். 1 டிபி என்றால் 213. எழுதவும் சரிபார்க்கவும் ஒன்றுக்குக் கால் மணி நேரம் வைத்தால்கூட 50 மணி நேரத்துக்கு மேல். குடும்பப் படங்களைச் சேமிக்க இது வழியல்ல. இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை ஊரில் அம்மா வீட்டிலோ தங்கை வீட்டிலோ வையுங்கள்.

எழுதுவதற்கும் நியாயமான காரணங்கள் சில உண்டு. எழுதி மூடிய டிவிடி-ஆர் டிஸ்க்கை எந்த வைரஸும் மாற்ற முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினால் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் பூட்டப்படலாம், அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அது தொடாது. வீட்டுப் பத்திரம், கணக்குத் தணிக்கை, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கேன்கள் எல்லாம் சேர்ந்து ஒரே டிஸ்க்கில் அடங்கும். வக்கீல், ஆடிட்டர் வீடுகளுக்கு இதற்காகவே நான் ரைட்டர் பரிந்துரைப்பதுண்டு. பல ஸ்கேன் சென்டர்கள் எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் படங்களை இன்னும் டிஸ்க்கில்தான் தருகின்றன. தொடர் சிகிச்சையில் ஒருவர் இருக்கும் வீட்டில் டிரைவ் அவசியம் என்றே சொல்வேன். எழுதுவதானால் 8 எக்ஸ் வேகம் போதும், முடிந்ததும் எழுதியதைச் சரிபார்க்கும் "வெரிஃபை" கட்டாயம். திரும்பத் திரும்ப அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் நீண்ட காலத்துக்கு எதையும் வைக்காதீர்கள். கல் போன்ற கனிமப் படலத்தில் எழுதும் எம்-டிஸ்க் என்ற வகை ஈரத்தையும் வெளிச்சத்தையும் நன்றாகத் தாங்கும். விலை அதிகம், டிரைவ் அதை ஆதரிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சீக்கிரம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், இந்தத் தொழிலே சுருங்கிக்கொண்டு வருகிறது. நொய்டா பக்கம் டிஸ்க் தயாரித்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவானது. நாம் ரைட் செய்த டிஸ்க்குகளில் எத்தனையோ அவர்களுடையவை. பதியக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆப்பிள் தன் வெளியே செருகும் டிவிடி டிரைவான சூப்பர் டிரைவையும் கைவிட்டுவிட்டது. இன்றைக்கு இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் நல்ல டிரைவ் என்றைக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

எதை வாங்குவது? வெளியே செருகும் யுஎஸ்பி டிரைவ்தான். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், வேலை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கோ சொசைட்டியில் பக்கத்து வீட்டுக்கோ கொடுக்கலாம். நாலு குடும்பத்துக்கு ஒன்று தாராளம். படிக்க மட்டும் செய்யும் டிரைவை இப்போது கடையில் பார்ப்பதே அரிது, வருவதெல்லாம் எழுதவும் செய்யும். டெஸ்க்டாப் கேபினெட்டில் இடமும், மதர்போர்டில் டிரைவை இணைக்கும் சாட்டா இணைப்பும் இருந்தால் உள்ளே பொருத்துவது மலிவு. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினால் பெரும்பாலும் ஓடாது. பெரியவர்களுக்காக டிவியில் பார்க்க வேண்டுமென்றால், வீடியோவை எம்பி4 ஆக மாற்றிப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

கடையில் பெயர் தெரியாத பெட்டிகள் மலிவாகத் தொங்கும். அவற்றில் சில, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிரைவைப் புதுக் கூட்டில் போட்டவை. அடியில் தயாரிப்பு ஆண்டு போட்டிருக்கிறதா பாருங்கள், பில்லும் வாரண்டியும் கேளுங்கள். கடையின் கம்ப்யூட்டரிலேயே செருகி, ஒரு காலி டிஸ்க்கை எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதியில் டிரைவ் "டக் டக்" என்று அடித்து நின்றால், யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். டெஸ்க்டாப்பின் பின்பக்கத் துளையிலோ, இரண்டு முனையுள்ள கேபிளிலோ மறுபடி சோதியுங்கள். அப்புறம் வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய டிஸ்க் ஒன்றை அதில் போட்டு முழுதும் காப்பி எடுத்துப் பாருங்கள். அந்தச் சோதனைக்குக் கல்யாண டிஸ்க்கை எடுத்துப் போகாதீர்கள். கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு பாட்டு டிஸ்க் போதும்.