சுங்கமில்லாத துறைமுகத்தில் அபினுக்கு மட்டும் எப்படி வரி வாங்கினார்கள்?

சிங்கப்பூரின் பெருமையே அது சுங்கமில்லாத துறைமுகம் என்பதுதான். அப்படியிருந்தும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி அபினிலிருந்து வந்தது. கப்பலில் வரும்போது வரி போட முடியாது, போட்டால் வணிகர்கள் வேறு துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். அப்புறம் எங்கே பிடித்தார்கள்? அடுப்படியில்.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அதை ஒன்றரைக் கிலோ உருண்டைகளாகப் பிடித்து, அதே செடியின் இதழ்களை அடுக்கடுக்காக ஒட்டி, பெட்டிக்கு 40 உருண்டை வீதம் கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். ஆனால் இந்தப் பச்சை அபினை அப்படியே புகைக்க முடியாது. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகு பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும். அப்படிக் காய்ச்சியதற்குப் பெயர் சண்டு. கைப்பக்குவம் வேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும், வாசனை வேறு ஊரைக் கூட்டிவிடும், அதனால் பெரிய அளவில் ஒளித்துச் செய்வது கஷ்டம்.

இந்த இடத்தைத்தான் அரசு பிடித்துக்கொண்டது. பச்சை அபின் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம், சீனாவுக்குப் போகலாம், காசு கேட்க மாட்டார்கள். தீவுக்குள் சண்டு காய்ச்சி விற்கும் உரிமையை மட்டும் 1820லிருந்தே குத்தகைக்கு விட்டார்கள். பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸுக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் நிர்வாகம் நடத்தப் பணம் வேண்டுமே என்று அங்கே அதிகாரியாக இருந்த ஃபார்குவார் செய்துவிட்டார். குத்தகை எடுத்தவர்கள் சீன முதலாளிகள். கள்ளச் சண்டு பிடிக்கச் சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொண்டார்கள், அரசுக்கு வேலை மிச்சம். பக்கத்து ஜொகூரிலிருந்து மலிவுச் சரக்கு கடத்தி வந்துவிடுவார்களே என்று ஜொகூர் குத்தகையையும் பல சமயம் அவர்களே சேர்த்து எடுத்தார்கள்!

புகைத்து முடித்தாலும் குழாயில் படியும் கரியில் மார்பின் என்ற போதைச் சத்து கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஏனென்றால் சூட்டில் எல்லாம் ஆவியாவதில்லை. அதையும் சுரண்டி எடுத்து மறுபடி காய்ச்சி ஏழைகளுக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் மூட்டை தூக்கிய, ரிக்‌ஷா இழுத்த சீனக் கூலிகள். உடம்பு வலிக்குப் புகைத்து, புகைக்கக் காசு வேண்டி மறுபடி உழைத்த அவர்களிடமிருந்துதான் அந்தப் பாதி வருமானம் வந்தது. என்னைக் கேட்டால், சுங்கமில்லாத துறைமுகத்தின் செலவை ஏற்றுக்கொண்டவர்களே இவர்கள்தான்.

1910இல் குத்தகையை ஒழித்து, காய்ச்சுவதையும் விற்பதையும் அரசே எடுத்துக்கொண்டது. பாசிர் பஞ்சாங்கில் அரசுத் தொழிற்சாலை இருந்த குன்றுக்கு இன்றும் புக்கிட் சண்டு என்றுதான் பெயர். தடை செய்யப்போவதாக லண்டன் அறிவித்தது 1943இல். அப்போது சிங்கப்பூர் ஜப்பான் கையில் இருந்ததால், போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பிய பிறகுதான் தடை நடைமுறைக்கு வந்தது.