த்ராம்போசிஸ் – சிரையுறைவு

கிரேக்கத்தில் ‘த்ராம்போஸ்’ என்றால் கட்டி, திரளை. பால் திரைந்த கட்டிக்கும் அதே சொல்தான். அதிலிருந்து வந்தது த்ராம்போசிஸ்: ஓட வேண்டிய ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்துபோவது. தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அந்த ‘உறை’ போதும். பொதுவாகக் குருதியுறைவு. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயான சிரையில் நேர்ந்தால் சிரையுறைவு.

ஆனால் பேச்சில் முதலில் வாய்க்கு வருவது ‘ரத்தக்கட்டு’. ராமநாதபுரம் கடற்கரையில் வல்லத்தின் விளிம்பில் தோள் இடித்து, தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போனால் அது ரத்தக்கட்டு. அங்கே ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்துவிட்டது. பெரும்பாலும் சில நாளில் தானே கரையும். சிரையுறைவில் ரத்தம் குழாயை உள்ளிருந்தே அடைக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் வைத்தியமும் ஒன்றாகிவிடும்: எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவார்கள். உறைகட்டி பிய்ந்து நுரையீரல் தமனியில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ‘சுளுக்கு’ என்று சொல்லி வழித்துவிடுவதும் இதே வகைதான்.

விளையாட்டுக்காரர்களின் கையில் வரும் உறைவுக்கு பாஜெட்–ஷ்ரோட்டர் நோய் என்று பெயர். 1875இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் பாஜெட்டும் 1884இல் வியன்னாவின் ஷ்ரோட்டரும் தனித்தனியே இதை விவரித்தார்கள். இரு பெயரும் 1949இல்தான் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இன்னொரு பெயர் எஃபர்ட் த்ராம்போசிஸ். இதை ‘முயற்சி உறைவு’ என்று பெயர்த்தால் ஏதோ பரீட்சைக்குப் படித்து வந்ததுபோல் இருக்கிறது. ‘உழைப்புச் சிரையுறைவு’ என்பதே பொருந்தும்.

காறை என்பது கழுத்தணி. அது படியும் இடத்து எலும்பு காறையெலும்பு. லத்தீனில் இதற்குச் ‘சிறு சாவி’ என்று பெயர். நம் பெயர் இன்னும் அழகு. காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் கையிலிருந்து திரும்பும் பெரிய சிரை போகிறது. கையைத் தலைக்கு மேல் வீசும்போதெல்லாம் அந்த இடுக்கு நெருக்கும். நீச்சல், கைப்பந்து, பளுதூக்கல் என்று ஓயாமல் நெருக்கினால் சிரையின் உட்சுவர் புண்பட்டு, தழும்பேறி, ரத்தம் உறையும். 1966இல் மிகிர் சென் நீந்திக் கடந்த பாக் நீரிணையை நினைத்துப் பாருங்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வர ஒரு தோள் எத்தனை ஆயிரம் முறை சுழல வேண்டும்! விளையாட்டுக்காரருக்கு மட்டும் என்றும் இல்லை. கையை ஓங்கிப் பாடுபடும் யாருக்கும் வரலாம்.

‘சிரை’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பாடநூலில் தமனி, சிரை என்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், அவையே நாடி, நாளம். நமக்கு நாடி என்றால் துடிப்பு, நாளம் என்றால் எந்த ரத்தக் குழாயும். மண்டபம் முகாமில் ஈழத்தவர் ஒருவர் ‘நாளத்தில் அடைப்பு’ என்றால் அவர் சொல்வது சிரையைத்தான்.

உழைப்புச் சிரையுறைவு பெரும்பாலும் அதிகம் பழகும் கையில்தான் வரும். கை வீங்கும், கனக்கும், நீலம் பாரிக்கும். தோளிலும் மார்பிலும் மேலாக ஓடும் சிரைகள் புடைத்துத் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். உறைவெதிர்ப்பு மருந்து தருவார்கள். இரண்டு வாரத்துக்குள் வந்தால் குழாய் செருகிக் கட்டியைக் கரைக்கவும் வழி உண்டு. சிலருக்கு முதல் விலா எலும்பையே எடுத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ‘ரத்தக்கட்டு’ என்று சொல்லாமல், ‘அடி எதுவும் படல, கை திடீர்னு வீங்கி நீலமாயிருச்சு’ என்று சொல்லுங்கள்.