வெள்ளம் வராத ஆண்டில் மீன் ஏன் குறைகிறது?

ஆற்றில் ஆண்டு முழுவதும் சீராகத் தண்ணீர் ஓடினால் மீன்வளம் பெருகத்தானே வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வட நைஜீரியாவில் ஹடேஜா, நுகுரு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள ஈரநிலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது.

ஹடேஜா ஆறும் ஜமாரே ஆறும் சேர்ந்து யோபே ஆறாகிச் சாட் ஏரியை நோக்கிச் செல்லும் சமவெளி இது. மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அப்போது ஆறு கரைபுரண்டு, ஃபடாமா எனப்படும் தாழ்நிலங்களில் பரவுகிறது. கோடை முழுவதும் அங்கே ஃபுலானி மக்களின் மாடுகள் மேய்ந்திருக்கும். சாணமும் காய்ந்த புல்லும் மண்ணில் சேர்ந்து கிடக்கும். தண்ணீர் பட்டவுடன் அவை மட்கத் தொடங்கி, தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைகின்றன. அந்த உரத்தில் பாசி பெருகுகிறது; பாசியைத் தின்னும் நுண்ணுயிரிகள் அதைத் தொடர்ந்து பெருகுகின்றன. ஆழமற்ற நீர் விரைவில் சூடேறுவதால் இவையெல்லாம் சில நாள்களிலேயே நடந்துவிடுகின்றன.

ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்த வேளைக்காகவே காத்திருக்கிறது. நீர்மட்டம் உயரத் தொடங்கியதும் அது ஆற்றை விட்டுப் புதிதாக மூழ்கிய புல்வெளிக்குள் ஏறுகிறது. ஒட்டும் தன்மையுள்ள அதன் முட்டைகள் புல்லின் தாள்களில் பற்றிக்கொண்டு ஓரிரு நாள்களில் பொரிகின்றன. குஞ்சுகள் இரை தேடத் தொடங்கும்போது சுற்றிலும் நுண்ணுயிரிகள் நிறைந்திருக்கின்றன. மட்கும் புல் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும் இடங்களிலும் வளர்ந்த கெளுத்தி பிழைத்துக்கொள்ளும். செவுள்களுக்கு மேலே, மரக்கிளைபோல் பிரிந்த சிவந்த உறுப்பு ஒன்று அதற்கு உண்டு. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, அந்த உறுப்பின் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. உயிரியலில் என்னை இத்தனை வியக்க வைத்த அமைப்புகள் சிலவே.

வெள்ளம் வடியும்போது குட்டைகளில் தங்கிய மீன்களை மக்கள் பிடிக்கிறார்கள். ஈரம் காயாத வண்டலில் பயிர் வைக்கிறார்கள். மண்ணுக்குள் இறங்கிய நீரைச் சிறு பம்புகளால் இறைத்து மிளகாய், வெங்காயம், கோதுமை ஆகியவற்றை விளைவிக்கிறார்கள்.

ஆற்றின் மேல்போக்கில் உள்ள கானோ பகுதியில் 1974-இல் திகா அணையும் 1992-இல் சல்லாவா கார்ஜ் அணையும் எழுந்த பிறகு, மழைக்கால உச்சவெள்ளம் தணிந்து, கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது. புல்வெளி காய்ந்து நனையும் சுழற்சி குலைந்ததால் கெளுத்திக்கு முட்டையிடும் இடம் சுருங்குகிறது. மாறாத ஈரத்தை விரும்பும் சம்பு என்னும் உயரமான நீர்ப்புல் கால்வாய்களை அடைத்து வளர்ந்து, தானியத்தைத் தின்னும் குவெலியா குருவிகளுக்கும் அடைக்கலம் தருகிறது.

அணை கட்டக் கோடிகளைத் தேடித் தரும் அரசுகள், ஆற்றின் ஓட்டத்தை நாள்தோறும் அளக்கும் எளிய பணிக்கும் மீனவர்களின் அனுபவத்தைப் பதிவுசெய்யும் ஆய்வுக்கும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த வாரத்தில், எவ்வளவு நீரைத் திறந்தால் புல்வெளி மூழ்கும் என்பதை அந்த அளவீடுகளைக் கொண்டுதான் கணிக்க முடியும்.