எழுத்து பிடிபடாத பிள்ளைக்குப் பள்ளி என்னென்ன செய்தாக வேண்டும்? கடலூர், புதுச்சேரி பெற்றோருக்காக

போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாகூர்க்காரத் தங்கச்சி ஒருத்தி என்னிடம் கேட்டாள். "அக்கா, எங்க வீடு பாண்டிச்சேரி கணக்கு, பொண்ணு படிக்கிறது கடலூர்ல. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் எங்க போய் வாங்குறது? அங்க போனா இங்க போங்கறாங்க, இங்க வந்தா அங்க போங்கறாங்க." முள்ளோடையில் எல்லையைத் தாண்டி வந்து போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் புதுசில்லை. அவளுக்கு பஸ் வந்துவிட்டது, பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், அவளை மாதிரி அலைகிற யாருக்காவது உதவும்.

முதலில் அவள் கேட்டதற்குப் பதில். கற்றல் குறைபாட்டுக்குத் தருவதும் மாற்றுத்திறனாளி சான்றிதழ்தான். அது நாடு முழுவதும் செல்லும், இது சட்டத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் வாங்கியதைத் தமிழ்நாட்டுப் பள்ளி செல்லாது என்று சொல்ல முடியாது. விண்ணப்பிக்கும் இடத்துக்கும் விதி இருக்கிறது: முகவரிச் சான்றில் எந்த மாவட்டம் இருக்கிறதோ அங்கே விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் இந்தக் குறைபாட்டுக்காகப் பிள்ளை எந்த அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறதோ அங்கேயும் கேட்கலாம். கோரிமேடு ஜிப்மரில் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருக்கும் கடலூர்க்காரர்கள் நிறைய பேர், அவர்கள் அந்தச் சீட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தங்கச்சியிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. சான்றிதழ் கைக்கு வரும் வரை பள்ளி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள், சில பள்ளிகளும் அப்படித்தான் சொல்கின்றன. அது தப்பு. பள்ளி செய்ய வேண்டியது சான்றிதழுக்கு முன்னாலேயே தொடங்குகிறது.

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவன் தாத்தாவோடு கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) மீன் மார்க்கெட்டுக்குப் போவான். சங்கரா, கிழங்கான், நெத்திலி என்று கூடை கூடையாகப் பேர் சொல்லுவான், கிலோ எவ்வளவு, அரைக் கிலோ வாங்கினால் மீதி எவ்வளவு வரும் என்று தாத்தாவுக்கு முன்னால் சொல்லிவிடுவான். திரும்பி வரும்போது பஸ் போர்டைப் படிடா என்றால் முகம் சுருங்கிவிடும். நோட்டைப் பார்த்தால் 'கொக்கு' என்பது 'கெக்கு' என்று இருக்கும், கால் போட மறந்திருப்பான். 'தோடு' ஒரு வரியில் சரியாக இருக்கும், அடுத்த வரியில் 'தேடு' ஆகிவிடும். ல, ள, ழ குழம்பாத பிள்ளை கிடையாது, அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆனால் மற்ற பிள்ளைகள் தாண்டிப்போன பிறகும் இவன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே இருந்தான், முதல் வரியில் படித்த அதே சொல்லை மூன்றாம் வரியில் புதுச் சொல்லாகப் பார்த்தான். நோட்டில் சிவப்பு மையில் 'கவனம் இல்லை' என்று எழுதி அனுப்பினார்கள். அந்தச் சொல்லை நம்பி நானும் ஒரு வருஷம் அவனை அடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இதற்குப் பேர் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா. அறிவு குறைவு என்று அர்த்தம் இல்லை. கண், காது இரண்டையும் முதலில் சோதித்துவிடுங்கள், கண்ணாடி போட்டதும் சரியாகிப்போன பிள்ளைகளும் உண்டு.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 1995-ல் வந்த பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது, கற்றல் குறைபாடு அதில் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 21 வகை, அவற்றில் ஒன்று இது. அதன் 16-ஆம் பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எந்தப் பள்ளி வாசலிலும் பேசலாம். பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ற மாதிரி சொல்லிக்கொடுப்பது கல்வி நிறுவனத்தின் கடமை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அரசு நிதியில் நடக்கிற பள்ளி மட்டுமில்லை, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதில் அடக்கம். அதாவது கண்டுபிடிக்கும் பொறுப்பே பள்ளியுடையது, நாம் சான்றிதழோடு போய் நிரூபிக்க வேண்டிய காரியம் இல்லை. அடுத்த பிரிவான 17, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு என்று பாடத்திலும் தேர்விலும் மாற்றங்கள் செய்ய வேண்டும் என்கிறது.

2018-ல் மத்திய அரசு வகுத்த முறைப்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முதலில் வருகிறதோ அப்போது, ஆசிரியர்களே முதல்கட்டமாகப் பிள்ளைகளைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் சொல்லி மேற்கொண்டு அனுப்ப வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு வரும் மாணவர் நலப் பரிசோதனைக் குழு இருக்கிறதே, 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டம், அது பார்க்கும் 30 பிரச்சினைகளிலும் கற்றல் குறைபாடு ஒன்று. அந்தக் குழு பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் போவதோடு விடாதீர்கள், வருகிற தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு நீங்களும் போய், வாசிப்பு வரவில்லை என்று வாயால் சொல்லுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், தலைமை ஆசிரியர் மூலமாக அவரை வரச்சொல்லிக் கேட்கலாம்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். நான் இரண்டு வருஷம் வாயால் கேட்டேன், டீச்சர் மாறினார், அடுத்த டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். என் மகன் இன்ன வகுப்பு, வாசிப்பதிலும் எழுதுவதிலும் இன்னின்ன சிரமம், 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி அவனைச் சோதித்துப் பார்க்கவும், அதுவரை போர்டில் இருப்பதை முழுவதும் எழுதச் சொல்லாமல் பாதி எழுதினால் ஏற்றுக்கொள்ளவும், வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்க வைக்காமல் இருக்கவும், வாய்மொழியாகப் பதில் சொல்ல விடவும் கேட்டுக்கொள்கிறேன் என்று. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சீல் வந்த பிறகுதான் பேச்சே மாறியது.

ஒரு பள்ளியில் 'இந்தப் பையன் எங்களுக்குச் சரிப்பட மாட்டான், டி.சி. வாங்கிக்கோங்க' என்றார்கள். பயந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பதை 16-ஆம் பிரிவு தடுக்கிறது. சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டுவதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமில்லாமல் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. 'மக்கு' என்று வகுப்பில் கூப்பிடுவது அதில் வரும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அதற்கும் அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுதலாம். 2016 சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

இப்போது சான்றிதழ். எட்டு வயது முடிந்த பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். யு.டி.ஐ.டி. என்கிற மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், போட்டோ, ஆதார், முகவரிச் சான்று வேண்டும். மருத்துவமனையில் ஒரே நாளில் முடியும் என்று எண்ணாதீர்கள். குழந்தை மருத்துவர் பார்ப்பார், உளவியலாளர் முதலில் அறிவுத்திறன் சோதனை வைப்பார், அப்புறம் வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத் தனிச் சோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை உருவாக்கிய சோதனையைத்தான் 2018 முறை சொன்னது. போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகள், மதிப்பெண் அட்டை, டீச்சர் எழுதிய குறிப்பு எல்லாம் கொண்டுபோங்கள். காலையில் இட்லி சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள், பசியோடும் தூக்கத்தோடும் எழுதும் சோதனையில் பிள்ளையின் உண்மையான நிலை தெரியாது. எந்த மொழியில் படிக்கிறான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு ஸ்பெல்லிங் வரவில்லை என்பதும், தமிழிலேயே வாசிப்பு வரவில்லை என்பதும் ஒன்றில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகிற வழியில் முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது, நிப்மெட் என்று சொன்னால் தெரியும். பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் அங்கேயும் போய்க் கேட்கலாம், கடற்கரைச் சாலை வழியாகப் போகிற பாண்டி பஸ் அந்தப் பக்கம் போகும்.

சான்றிதழில் ஒரு சதவீதம் போடுவார்கள். 40-க்கு மேல் இருந்தால் அட்டை மஞ்சளாகவும், 80-க்கு மேல் நீலமாகவும், 40-க்குக் கீழ் வெள்ளையாகவும் வரும். வெள்ளை அட்டையைப் பார்த்து உடைந்துபோகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். இலவசக் கல்வி, இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும், அது உண்மை. ஆனால் எழுதுவதில் சிரமம் உள்ளவருக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்க 40 சதவீதம் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை வைத்துத்தான் 2022 ஆகஸ்டில் மத்திய அரசு 40-க்குக் கீழ் உள்ளவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. கூடுதல் நேரத்தின் கணக்கு, தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணித் தேர்வு என்றால் ஒரு மணி நேரம் கூட.

பொதுத்தேர்வில் உங்கள் பள்ளி எந்த போர்டு என்பதைப் பொறுத்துக் காரியம் மாறும். கடலூர் அரசுப் பள்ளி என்றால் தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் கேட்கலாம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அங்கே பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி போதும், கணக்கு, அறிவியலுக்குப் பதிலாக ஓவியம், இசை, மனையியல் மாதிரி பாடமும் எடுக்கலாம். இதில் அவசரப்படாதீர்கள். பத்தாவதில் கணக்கை விட்டால் பதினொன்றில் எந்தெந்த குரூப் கிடைக்காது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். என் மகன் கணக்கை விடவில்லை, நேரம் மட்டும் கேட்டான், அது போதுமானதாக இருந்தது. எந்த போர்டாக இருந்தாலும் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் சொல்லிவிடுங்கள். ஹால் டிக்கெட் வருகிற நேரத்தில் சான்றிதழுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு பற்றி எரிகிறது.

இன்னொன்று. நிரமயா என்கிற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தத் திட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல குறைபாடு இருப்பவர்களுக்கு மட்டும். கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளை அதில் வராது.

வீட்டில் நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எவர்சில்வர் தட்டில் ரவையைப் பரப்பி அதில் விரலால் எழுதுவான், எழுதும்போதே சத்தமாகச் சொல்லுவான், கெ ஒரு தடவை, கால் சேர்த்துக் கொ ஒரு தடவை. புத்தகத்தில் படிக்கிற வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துக்கொள்வான். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூட இல்லை. அவன் வாசிக்க முடியாத கதையை நான் வாசித்துக் காட்டினேன், வாசிக்க வராத ஒரே காரணத்துக்காகக் கதையும் அவனுக்கு இல்லாமல் போகக்கூடாது. தப்பாக எழுதிய சொல்லைப் பத்து தடவை எழுது என்று சொல்வதை விட்டுவிட்டேன், தப்பையே பத்து தடவை எழுதிப் பழகுகிறான் என்று சிறப்புப் பயிற்றுநர்தான் சொன்னார்.

சான்றிதழ் வாங்கியதோடு விட்டுவிடவும் முடியாது. 14 வயதில் மறுபடி சோதனை, 18-ல் இன்னொரு தடவை. 18-ல் வாங்குவதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும். 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அதுதான் தேவைப்படும், வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. அட்டையில் முடிவுத் தேதி போட்டிருப்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரி விண்ணப்பம் போடுகிற மே மாதத்தில் மருத்துவமனை வரிசையில் போய் நிற்காமல், 18 முடிந்த உடனே தேதி வாங்கிவிடுங்கள். அசல் சான்றிதழை வீட்டில் பீரோவில் வைத்துவிட்டு, எங்கே போனாலும் நகலைக் கொடுங்கள்.