கர்மா: நேரான தமிழ்ச் சொல் வினை

நோயில் படுத்திருப்பவரைப் பார்க்க வருபவர்களில் ஒருவராவது "எல்லாம் கர்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தண்டனை என்ற பொருளில்தான் அந்தச் சொல் இன்று புழங்குகிறது. அதன் வேர்ப்பொருள் அதுவல்ல.

சமஸ்கிருதத்தில் 'க்ரு' என்றால் செய். அதிலிருந்து வந்த 'கர்மன்' வெறும் செயல்தான். வேதங்களில் பெரும்பாலும் வேள்விச் செயலைக் குறித்தது. செய்தது செய்தவனைத் தொடரும் என்ற கருத்து பிருகதாரண்யக உபநிடதத்தில் வருகிறது. இறந்தபின் மனிதன் என்ன ஆகிறான் என்று ஆர்த்தபாகர் என்பவர் யாக்ஞவல்கிய முனிவரிடம் அவையில் கேட்கிறார். யாக்ஞவல்கியர் அதை அங்கே பேசாமல் அவரைத் தனியே அழைத்துப் போய் விளக்குகிறார். அவ்வளவு கவனமாகச் சொல்லப்பட்ட ஒன்றை நாம் நோயாளியின் தலைமாட்டில் நின்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

தமிழில் இது கருமம், கன்மம் என்று வரும். "தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்ற குறளில் கருமம் என்பது ஒருவர் செய்யும் செயல். அப்புறம் அது ஈமச் சடங்குக்கும், சலிப்பில் சொல்லும் "கருமம், கருமம்" என்பதற்கும் போய்விட்டது.

நேரான தமிழ்ச் சொல் வினை. வினைச்சொல், வினைத்திட்பம் என்பதில் எல்லாம் செய்தல்தான் இருக்கிறது. நல்வினை, தீவினை சேர்ந்தது இருவினை. கர்மபலன் என்பதை வினைப்பயன் எனலாம். ஊழ் என்பது வேறு. முன்பு செய்த வினை முதிர்ந்து பயன்தர வரும் முறைமை அது. பேச்சில் விதி என்கிறோமே, அதற்கு நெருக்கமானது ஊழ்தான், வினை அல்ல.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதாவது பழவினை. இப்போது அனுபவிப்பது பிராரத்தம், நுகர்வினை. இனிமேல் சேர்வது ஆகாமியம், ஏறுவினை. "எல்லாம் கர்மா" என்பவர் நுகர்வினையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். இப்போது செய்யும் வினை அவர் பேச்சில் வருவதே இல்லை.

ஞானசம்பந்தர் இந்தப் பேச்சை நேராகவே மறுத்திருக்கிறார். கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது என்கிறது பெரியபுராணம். அப்போது பாடியது திருநீலகண்டப் பதிகம்.

"அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃது அறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே"

அன்று செய்ததற்கு இன்று இது என்று சொல்கிறீர்களே, தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை இல்லையா என்று கேட்கிறார். துன்பத்துக்குக் காரணம் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த வரியிலேயே "கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும்" என்கிறார். இங்கே கைவினை என்பது இன்று நாம் சொல்லும் கைவினைப் பொருள் அல்ல. கையால் செய்யும் தொண்டு.